வயிற்றில் ஒரு சிலிண்டர்

“ஏப்பா, தோள்ல ஒரு சிலிண்டரு, வயித்துல ஒரு சிலிண்டரா? ரெண்டையும் தூக்கிக்கிட்டு எப்பிடிய்யா மூணு மாடி ஏறுற?”

கேட்டது மூன்றாவது மாடி அப்பத்தா. நான் அவர் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியதில் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. கேள்வி அவ்வளவு சரி. வீட்டுச் சிலிண்டருக்குள் காஸ் 14.2 கிலோ, இரும்பு 15 கிலோ சொச்சம், ஆக மொத்தம் 30 கிலோ. அன்றைக்கு நான் 88 கிலோ. 5 அடி 6 அங்குல உயரத்துக்கு அது எவ்வளவு அதிகம் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எடை போட்டுக் காட்டுவதற்குக் கொக்கித் தராசு எங்கள் வண்டியிலேயே கிடக்கும். ஊர் சிலிண்டரை எல்லாம் நிறுத்துக் காட்டியவன், என்னை நிறுத்துப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

இன்றைக்கு நான் 74 கிலோ. 14 மாதத்தில் 14 கிலோ! இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. டீக்கடையில் சொல்கிறேன், குடோனில் சொல்கிறேன், சிலிண்டர் வாங்கக் கதவைத் திறப்பவர்களிடமும் சொல்கிறேன். “இன்னிக்கு யாருகிட்ட அந்தக் கதைய அவுத்து விட்டீங்க?” என்று வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள். இன்றைக்கு உங்களிடம்.

முதலில் என் மண்டைக்குள் இருந்த தப்பான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உடம்பால் உழைக்கிற எல்லார் மண்டையிலும் அது இருக்கிறது. ‘உழைக்கிற உடம்புக்கு எதுக்குய்யா எக்சர்சைஸ்?’ என்பதுதான் அந்தக் கணக்கு. மதுரையில் நான் ஒரு நாளைக்குப் போடுவது சுமார் 35 சிலிண்டர். 35 முறை 30 கிலோ என்றால் ஒரு டன்னுக்கு மேல். போதாததற்குக் காலிச் சிலிண்டரைத் திரும்ப இறக்கிக்கொண்டு வர வேண்டும். லிஃப்ட் இருக்கிற வீட்டிலும் சிலிண்டரோடு ஏற விடமாட்டார்கள் சிலர். சித்திரை மாத வெயிலில் இத்தனையும் செய்கிறவன் காலையில் எழுந்து கையைக் காலை ஆட்டுவதா? ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தானே அது? இப்படி நினைத்து நினைத்தே பேன்ட் இடுப்பு 34-லிருந்து 40-க்குப் போனது.

அப்பத்தா கேட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே வீரம் வந்துவிட்டது. வீரம் வந்தால் நமக்குப் புத்தி போய்விடுமே! முதலில் ஓடினேன். விடியற்காலை அஞ்சு கிலோமீட்டர், தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு. ஒன்பதாம் நாள் வலது முழங்கால் வீங்கியது. நான்கு நாள் சம்பளம் போனது. அடுத்து ஒரு ஜிம்மில் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். அங்கிருந்த மாஸ்டர் எல்லாருக்கும் கொடுக்கிற அட்டையையே எனக்கும் கொடுத்தார்: வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். பகல் முழுக்க இரும்பு தூக்கியவன் ராத்திரியும் இரும்பு தூக்கினால் என்ன ஆகும்? பதினோராம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டிய பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது முயற்சிதான் மோசம். காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன். மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்கு, இரண்டாவது மாடித் திருப்பத்தில், கண் முன்னால் பூச்சி பறந்தது. தோளில் முழுச் சிலிண்டர். எப்படியோ சுவரில் சாய்ந்து, சிலிண்டரைப் படியில் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கை நழுவியிருந்தால்? கீழே ஒரு குழந்தை படியேறி வந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் பிசியோதெரபி படிக்கிற தம்பியிடம் போய் நின்றேன். அவன் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னான், சட்டையைக் கழற்றச் சொன்னான், போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினான். என் முதுகை அன்றுதான் நான் முதன்முதலில் பார்க்கிறேன். வலது தோள் மேடு, இடது தோள் பள்ளம். பதினாறு வருடம் ஒரே தோளில் சுமந்ததன் கணக்கு அதில் எழுதியிருந்தது.

“அண்ணே, நீங்க பண்றது உழைப்பு. உடற்பயிற்சி வேற. உழைப்பு உடம்பச் செலவழிக்குது. உடற்பயிற்சி உடம்பச் சேத்து வைக்குது.”

இதைக் கேட்டு நான் முழித்தேன். அவன் பொறுமையாக விளக்கினான். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்திருக்கிறார்கள். ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் 2021-ல் அதை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற ஆபத்துகள் குறைவு. வேலையில் உடம்பைக் கசக்கியவர்களுக்கோ அதிகம். புகை, படிப்பு, வருமானம் இவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. அவர்கள் சொல்கிற காரணங்களைக் கேட்டபோது யாரோ என் பின்னாலேயே வந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. வேலையில் இதயத் துடிப்பு எட்டு மணி நேரம் தணியாமல் ஓடுகிறது. பாரத்தை அசையாமல் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. களைத்தால் நிறுத்தும் உரிமை நம்மிடம் இல்லை. இன்றைக்குப் பட்ட அடி ஆறுவதற்குள் நாளை விடிந்துவிடுகிறது.

“அப்ப படியேறுறதே தப்பாடா தம்பி?”

“படி தங்கம்ணே!” என்றான். 1953-ல் ஜெர்மி மோரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்தாராம். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. “ஆனா அந்தக் கண்டக்டர் தோள்ல சிலிண்டர் இல்லையே” என்றான். எனக்கு அப்படியே பளிச்சென்றது. படி அதே படிதான். தோளில் என்ன இருக்கிறது, மூச்சு ஆற நேரம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம்.

“சரி, அது இதயம். இவ்வளவு உழைச்சும் தொப்பை ஏன் கரையல?” அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். தான்சானியா நாட்டில் ஹட்சா என்று ஒரு மக்கள். இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்கிறவர்கள். நாள் முழுக்க நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்பவரின் குழு அவர்கள் எரிக்கிற கலோரியை அளந்து 2012-ல் வெளியிட்டது. உடம்பு அளவை ஒட்டிக் கணக்குப் பார்த்தால் நகரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற அமெரிக்கர்கள் எரிப்பதும் அவர்கள் எரிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்! பழகப் பழக உடம்பு சிக்கனக்காரனாகிவிடுகிறது. பதினாறு வருடம் ஒரே வேலையைச் செய்த என் உடம்புக்கு அது அத்துப்படி. வேர்வை கொட்டுகிற அளவுக்குக் கொழுப்பு கரைவதில்லை. கரைய வேண்டிய இடம் தட்டு.

அன்று அவன் கொடுத்த திட்டம் ஒரு பழைய கரன்ட் பில்லின் பின்பக்கத்தில் அடங்கிவிட்டது. அதை நான் பூஜை அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது.

முதல் வரி நடை. வாரம் நாலு நாள், 25 நிமிடம், வெறுங்கையோடு. எனக்கு மாரியம்மன் தெப்பக்குளம் பக்கம். திருமலை நாயக்கர் காலத்துக் குளம்; சுற்றி ஒரு முறை வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடியற்காலை ஐந்தேகாலுக்கு இரண்டு சுற்று. முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை! பதினாறு வருடமாக நடக்கும்போதெல்லாம் ஒரு கை சிலிண்டர் வளையத்தில் இருந்திருக்கிறது. வீசி நடக்க மறந்தே போயிருந்தது. ஒரு வாரம் கழித்து இரண்டு கையும் தானாக ஆடத் தொடங்கியபோது, அய்யோ, அந்த சுகத்தை எப்படிச் சொல்வேன்! மைய மண்டபத்துக்குப் பின்னால் வானம் வெளுக்கிறது, தண்ணீர் மேல் காத்து வருகிறது, யாரும் பெல் அடித்துக் கூப்பிடவில்லை, என் கால் எனக்காக நடக்கிறது. பாட்டுப் பாடிக்கொண்டு நடக்க முடியாது, ஆனால் பேசிக்கொண்டு நடக்கலாம். அந்த வேகம் போதும் என்பது தம்பியின் அளவுகோல். நான் பேச ஆள் பிடித்துக்கொண்டேன். பூக்கட்டுகிற ஒரு மதினி, ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், நான். எங்கள் மூன்று பேர் பேச்சில் இரண்டு சுற்று முடிவதே தெரியாது.

இரண்டாவது வரி பலம். புதன், ஞாயிறு, இரண்டே நாள், 20 நிமிடம், எங்கள் வீட்டு மொட்டைமாடியில். வேலை எதைச் செய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தைச் செய்ய வேண்டும். இதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். வேலையில் நான் முன்னால் குனிகிறேன். அதனால் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் பாலம் மாதிரி மேலே தூக்கி நிறுத்துகிறேன். வேலையில் பாரம் மேலிருந்து அழுத்துகிறது. அதனால் ஜன்னல் கம்பியில் துண்டைச் சுற்றிப் பிடித்து, பின்னால் சாய்ந்து, நெஞ்சைக் கம்பிக்கு இழுக்கிறேன். இடது பக்கம் ஒரு முழங்கையில் ஊன்றி உடம்பைப் பலகையாக நிறுத்துவது ஒன்று. முதல் நாள் எட்டு நொடியில் சரிந்தேன். இப்போது ஒரு நிமிடம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்டால் பத்து, நாற்காலி உயரம் வரைக்கும் பஸ்கி பத்து. இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வேலைக்குக் களைப்போடு போகக்கூடாது. என் முந்தைய மூன்று கூத்திலும் நான் மறந்தது இதைத்தான்.

தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் பத்து நாள் புக்கிங் குவியும். அப்போது மொட்டைமாடிக்கு லீவு. குளத்தை ஒரு சுற்று மட்டும். அதில் குற்ற உணர்ச்சியே கிடையாது. திட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வேலையிலும் ஒரே ஒரு மாற்றம். ஒரு வீட்டுக்கு வலது தோள், அடுத்த வீட்டுக்கு இடது தோள். இடது தோளில் வைத்த முதல் வாரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கோணிக்கொண்டு நடந்தேன். குடோனில் சிரிக்காத ஆள் இல்லை. இப்போது அவர்களில் நாலு பேர் தோள் மாற்றித் தூக்குகிறார்கள்.

இனி சாப்பாடு. மதுரைக்காரனிடம் சாப்பாட்டைக் குறை என்று சொல்வது பாவம். தம்பி அப்படிச் சொல்லவும் இல்லை. “பகல்ல சாப்பிடுங்க, ராத்திரில அடங்குங்க” என்றான். நான் அதுவரை வாழ்ந்தது தலைகீழ். பகலில் நின்றபடி இரண்டு வடை, எட்டு டீ. ராத்திரி பத்து மணிக்கு வயிறு பழிவாங்கும்: நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட், அதன் மேல் ஒரு கறி தோசை. சாப்பிட்ட கையோடு படுக்கை.

டீயைக் கணக்குப் போட்டபோது நானே வாயைப் பிளந்தேன். எட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 5 கிராம் வைத்தாலும் நாளுக்கு 80 கிராம், 320 கலோரி, பால் தனி. இப்போது மூன்று டீ, அரைச் சர்க்கரை. வீடுகளில் அன்பாக நீட்டுகிற கலர் பாட்டிலுக்குப் பதில் “தண்ணி போதும்க்கா, இல்ல மோர் இருந்தா குடுங்க” என்கிறேன். உப்புப் போட்ட மோர் மாதிரி வெயிலுக்கு ஒரு மருந்து உண்டா? காலையில் நாலு இட்லி, இரண்டு அவித்த முட்டை. பத்தரைக்குச் சுண்டல், கொண்டைக்கடலை ஒரு நாள், பாசிப்பயறு ஒரு நாள். மதியம் ஒரு தட்டு சோறு, சோற்றின் அளவுக்குக் காய், மீன் அல்லது பருப்பு, கடைசியில் தயிர். படியில் மயக்கம் அதற்குப் பிறகு ஒருமுறைகூட வந்ததில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மூன்று தோசையோடு முடிகிறது. பகலில் பட்டினி போடாதவனுக்கு ராத்திரி வெறி வருவதில்லை. இவ்வளவு எளிய விஷயத்தை எனக்கு ஏன் யாரும் இருபது வருடத்துக்கு முன்னால் சொல்லவில்லை!

பரோட்டா? விடவில்லை, விடவும் மாட்டேன். சனிக்கிழமை இரண்டு, கோழிக் குழம்போடு. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. மாதம் ஒரு கிலோ குறைய நாளுக்கு 250 சொச்சம் குறைந்தால் போதும். ஏறக்குறைய ஒரு பரோட்டா! நாலு பரோட்டாக்காரன் மூன்று பரோட்டாக்காரன் ஆனாலே பாதை திறந்துவிடுகிறது. மெதுவாக இறங்கியதால்தான் என் கையில் பலம் போகவில்லை, முகம் வற்றவில்லை, ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

கடைசி வரி தூக்கம். ஒன்பதரைக்குப் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தால், நாலே முக்காலுக்குத் தானாக முழிப்பு. முன்பு நான் விடுகிற குறட்டைக்குப் பயந்து என் மகன் ஹாலில் படுப்பான். இப்போது திரும்ப என் பக்கத்துக்கு வந்துவிட்டான். 14 கிலோவைவிட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

மற்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பிக்கும் முன்பு டாக்டரைப் பார்த்தபோது பிரஷர் 150-க்கு 96. போன மாதம் 130-க்கு 84. வயிற்றுச் சுற்றளவு 41 அங்குலத்திலிருந்து 36-க்கு வந்திருக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டுமாம். இன்னும் அரை அங்குலம். அதையும் பார்த்துவிடுகிறேன்! என்னைப் போல் பாரம் தூக்குகிறவர்களும் தொடங்கும் முன்பு ஒருமுறை பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். படியேறும்போது நெஞ்சு பிசைந்தால் அதை வாய்வு என்று சோடா குடித்து மறைக்காதீர்கள்.

ஒரு மாதம் முன்பு எடை மெஷினில் 74 என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். முதல் வீட்டில் முழுச் சிலிண்டரை இறக்கிவிட்டுக் காலியைத் தோளில் போட்டேன். காலிச் சிலிண்டரைத் தூக்குகிற அந்த முதல் நொடி எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எதிர்பார்த்த பாரம் வராமல் கை தானாக மேலே எகிறும். அப்படி எகிறியபோதுதான் மண்டையில் உறைத்தது. முழுசுக்கும் காலிக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் 14 கிலோ. என் உடம்பிலிருந்து இறங்கியதும் அதே 14. ஒரு சிலிண்டர் காஸை நான் வருடக்கணக்காகக் கூலி வாங்காமல் ஊரெல்லாம் மாடி ஏற்றி, அப்படியே கீழே இறக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! நடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அன்று மதியம் மூன்றாவது மாடி அப்பத்தா வீட்டுக்கும் சிலிண்டர் இருந்தது. இடது தோளில் வைத்து ஏறினேன், வாசலில் இறக்கினேன், பேசவும் செய்தேன்: “என்ன அப்பத்தா, இப்ப எத்தன சிலிண்டரு?”

கண்ணாடியை ஏற்றி மேலும் கீழும் பார்த்தார்.

“என்னய்யா இப்பிடி எளச்சுப் போயிட்ட? வீட்ல சோறு போடலையா? இந்தா, ரெண்டு வடை தின்னுட்டுப் போ.”

ஒன்று சாப்பிட்டேன். சுடச்சுட இருந்தது.